செஞ்சி விற்ற குண்டுத் தூரம்

கல்லூரிப் பிள்ளைகள் பேச்சில் 'ரேண்டமா' என்றால் திட்டமில்லாமல், வாய்த்தபடி என்று பொருள். 1690இல் செஞ்சி தர்பார் செய்த ஒரு விற்பனையில் இதே ஆங்கிலச் சொல்தான் நில அளவாக நின்றது.

மராட்டிய மன்னர் சம்பாஜியை முகலாயப் பேரரசர் ஔரங்கசீப் கொன்றபின், சம்பாஜியின் தம்பி ராஜாராம் 1689இல் தப்பி வந்து செஞ்சிக் கோட்டைக்குள் அரசு நடத்தினார். அடுத்த ஆண்டே ஜுல்பிகர் கானின் முகலாயப் படை வந்து சூழ்ந்தது. 1698 வரை இழுத்த முற்றுகை அது. அந்த நெருக்கடிக் காலத்தில்தான் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. சென்னையில் கம்பெனியின் தலைவராக இருந்த எலிஹு யேல் அதற்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்.

கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் சேர்த்தி. எதுவரை? பீரங்கியின் 'ரேண்டம் ஷாட்' எட்டும்வரை.

கண்ணை மூடிக்கொண்டு சுட்டார்கள் என்று இன்றைய வாசகர் நினைக்கக்கூடும். அப்படியல்ல. பழைய பிரெஞ்சில் 'ராந்தோன்' என்பது கட்டுக்கடங்காத பாய்ச்சல். ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல்லில் 'இலக்கில்லாமல்' என்ற பொருளும் ஏறிக்கொண்டது. பீரங்கிக்காரர்களோ அதைத் தங்கள் தொழிலுக்கு எடுத்துக்கொண்டார்கள். குழாயைக் கிடைமட்டமாக வைத்துச் சுட்டால் 'பாயின்ட் பிளாங்க்'. வாயை உயர்த்தித் தொலைவுக்கு எறிந்தால் 'ரேண்டம்'. ஆக, அந்த விற்பனைப் பத்திரம் சொன்னது பீரங்கியால் முடிந்த உச்சத் தூரத்தை. எந்தப் பீரங்கி, எவ்வளவு வெடிமருந்து என்பதெல்லாம் வாங்குபவன் கையில்! கம்பெனி சென்னையிலிருந்தே ஒரு பெரிய பீரங்கியை அனுப்பிவைத்தது. செப்டம்பரில் திசைக்கொரு குண்டு பாய்ந்தது. கடலூர் நகரமே எல்லைக்குள் அடங்கிவிட்டது.

எல்லைக்குள் விழுந்த ஊர்களில் உழுதுகொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் இந்தக் கதையில் உறுத்துவது. ஆனாலும் நடந்ததை ஊர்ப்பெயர் விட்டுவிடவில்லை. அந்த ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடுதான் இருக்கிறது. கடலூரில் குண்டுசாலையும் உண்டு.

1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் இந்தக் குண்டெல்லைக்குள்தான் வந்து ஒதுங்கியது. 1752 வரை அங்கிருந்தே அது ஆட்சி நடத்தியது.