மறையுரைப் பொருளும் திருச்சபை ஆண்டும் (வன்னி)

ஞாயிறு மறையுரைக்கான பொருளைத் திருச்சபை நாட்காட்டியிலிருந்து எடுப்பது கிறிஸ்தவத்தின் பழைய வழக்கம். கத்தோலிக்கர் மறையுரை என்பதைச் சீர்திருத்த சபையினர் பிரசங்கம் என்பர். நவம்பர் 30க்கு மிக நெருங்கிய ஞாயிறில் திருவருகைக் காலத்துடன் ஆண்டு பிறக்கிறது. கிறிஸ்து பிறப்பு, தவக்காலம், உயிர்ப்பு, தூய ஆவியார் வருகை என நகர்ந்து, பொதுக்காலத்தில் முடிகிறது.

வட இலங்கையில் இவ்வழக்கத்தின் பழைய தடம் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரிடம் தெரிகிறது. கோவாவிலிருந்து 1705இல் வந்தவர் அவர், 1742இல் மறைந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் மறைந்தே பணிபுரிந்தனர். அக்காலத்தில் தவக்காலத்துக்கென்றே அவர் எழுதிய ‘வியாகுல பிரசங்கம்’ கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்வது. குரு இல்லாத ஊரிலும் பொதுநிலையினர் அதை இராகத்தோடு வாசிக்க முடிந்தது. காலமே பொருளைக் கொடுக்க, பேச்சும் ஆயத்தமாகக் கையில் இருந்தது.

சீர்திருத்த சபைகளின் கதை வேறு. 1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரின் பின்னணி, நியூ இங்கிலாந்தின் தூய்மைவாத மரபு. அம்மரபு திருநாள்களையும் தவக்காலத்தையும் வேதத்தில் ஆதாரமற்றவை என ஒதுக்கியது. போதகர் தாமே வசனத்தைத் தெரிந்துகொள்வார். இந்தச் சுதந்திரம் போதகரைத் தமக்குப் பிடித்த நாலைந்து வசனங்களுக்குள் அடைத்துவிடவும் கூடும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த மிஷனரிமாரின் வழிவந்த யாழ்ப்பாண ஆதீனம் அதில் இணைந்தது; முதல் பேராயர் சபாபதி குலேந்திரன். ஆங்கிலிக்கன், மெதடிஸ்த மரபுகளும் கலந்த அத்திருச்சபையின் ஆண்டுக் கையேட்டில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் தலைப்பும் வாசகங்களும் அச்சாகின்றன.

கத்தோலிக்கத்தில் பெரிய மாற்றம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்தது. ஓராண்டு வாசகச் சுற்று 1969 நவம்பர் 30 முதல் மூன்றாண்டாக விரிந்தது: மத்தேயு, மாற்கு, லூக்கா. யோவான் பெரும்பாலும் தவக்காலத்திலும் உயிர்ப்புக் காலத்திலும் வருவார். மூன்றால் வகுபடும் ஆண்டு லூக்காவுடையது. பொதுக்காலத்தில் முதல் வாசகம் நற்செய்திக்குப் பொருந்தத் தெரியப்பட்டது. இரண்டாவது தன்பாட்டில் தொடர்ந்து போவது. மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. வாசகங்களோடு விழா நாள்களும் மாறின. பழைய நாட்காட்டியில் யூலை 2 மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த விழா. சீர்திருத்தம் அதை மே 31க்கு மாற்றியது. வன்னியின் மடு மாதா திருவிழாவோ யூலை 2ஐ விட்டு நகரவில்லை.

வன்னியின் ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கத்து வயல்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. ஐரோப்பிய அறுவடை நன்றி வழிபாடு இலையுதிர் காலத்துக்குரியது. இங்கே அந்த மாதங்களில் காலபோகத்துக்கு விதைத்து மழையைப் பார்த்திருப்பார்கள். வெட்டு தையிலிருந்துதான். ஆகவே புது நெல்லைப் பற்றிய பேச்சு பொங்கல் திருப்பலியிலும், சில ஆண்டுகளில் தவக்கால வாசலிலும் வந்து விழுகிறது. இதைக் கையேடு சொல்லித் தராது, ஊர்தான் சொல்ல வேண்டும்.

நாட்காட்டியே முந்திக்கொண்ட நாளும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஞாயிறு, திருக்குடும்ப விழா. அவ்வாண்டுக்கு முறைப்படி குறித்திருந்த நற்செய்தி, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு யோசேப்பு எகிப்துக்குத் தப்பியோடிய பகுதி. அன்று காலைதான் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது.

முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18 பெரும்பாலான ஆண்டுகளில் உயிர்ப்புக் காலத்துக்குள் வருகிறது. போர் முடிந்த 2009இல் அது விண்ணேற்ற வியாழனுக்கு மூன்று நாள் முன்னர். முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைக்கும் வழிபாட்டுக்கு உலகப் பொது அட்டவணையில் தனி வாசகம் கிடையாது. அந்த வாரத்து உயிர்ப்பு வாசகத்தைக் கொண்டே பேசுவதா, இறந்தோருக்கான திருப்பலி வாசகங்களை எடுப்பதா என்பதை அந்தந்தப் பங்குக் குருவே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.