துண்டுச்சீட்டும் தோழமையும்: பெல்மதுளைத் தோட்டங்களில் தொழிலுறவின் வரலாறு

தொழில் என்பது உழைப்பைக் கொடுத்துக் கூலியைப் பெறும் கொடுக்கல் வாங்கல் மட்டுமன்று. ஒருவன் எவரோடு சேர்ந்து உழைக்கின்றான், எவருக்குக் கீழ்ப்பட்டு உழைக்கின்றான் என்பதைப் பொறுத்தே அவனது ஆளுமை விரிவதும் சுருங்குவதும் அமைகின்றன. உறவு ஒருவனை உயர்த்தவும் கூடும், கட்டிப்போடவும் கூடும். இவ்விரு இயல்புகளையும் இலங்கையின் தோட்டத் தொழிலாளர் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகச் செல்லும் பெருவீதியில், எம்பிலிப்பிட்டிய நோக்கிய பாதை பிரியுமிடத்தில் அமைந்துள்ளது பெல்மதுளை. இதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலையும் இறப்பரும் வளர்கின்றன. பள்ளங்களிலே வயல்களும் மாணிக்கக்கல் அகழும் குழிகளும் உள்ளன. நுவரெலியாப் பகுதியில் தோட்டத்தை அடுத்துத் தோட்டமாகத் தமிழ்த் தொழிலாளர் செறிந்து வாழ்கின்றனர். சப்பிரகமுவவிலோ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. ஆதலால், இங்கு வாழும் தொழிலாளிக்குத் தன் லயத்து உறவும் வேண்டியிருந்தது. அயற்கிராமத்து உறவும் வேண்டியிருந்தது.

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தொழிலாளரைத் திரட்டி வந்தவன் கங்காணி. அவன் பெரும்பாலும் அவர்களது ஊரவன். சிலருக்குச் சாதிவழி, குடும்பவழி உறவினனுமாவான். அந்த நம்பிக்கையே அவர்களைக் கடல் கடக்கச் செய்தது. ஆனால், வழிச்செலவுக்கெனக் கொடுக்கப்பட்ட முற்பணம் தோட்டத்தை அடையுமுன்பே கடனாகிவிட்டது. வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தமையால், தொழிலாளியின் உழைப்பு அவனுக்கு வருவாயாகியது. உறவின் பெயரால் தொடங்கியது கடனின் பெயரால் இறுகியது.

இக்கட்டுக்குச் சான்றாக விளங்கியது ‘துண்டு’ என்னும் சீட்டாகும். குறிப்பிட்ட கடன்தொகையைச் செலுத்தினால் இத்தனை தொழிலாளரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த அச்சீட்டைக் கொண்டே கங்காணி தன் ஆட்களை வேறொரு தோட்டத்துக்கு இட்டுச் செல்ல முடிந்தது. அங்கும் கடன் அவர்களைத் தொடர்ந்தது. மனிதரின் பெயர்கள் கடன் கணக்கின் உருப்படிகளாயின. இம்முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஒழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்தது. எனினும், ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலி என்ற வேறுபாடு நீடித்தது.

இக்காலத்தில் தொழிலாளி தன்னை வளர்த்துக்கொள்ள வாய்ப்பிருந்ததா? தோட்டத்து ஏணியின் படிகள் மிகச் சிலவே. கொழுந்து பறிப்பவளும் பால் வெட்டுபவனும் எத்துணைத் திறமை பெற்றாலும், சில்லறைக் கங்காணி என்ற படியைத் தாண்டியோர் அரியர். பிரட்டுக்களத்திலே விடியற்காலையில் பெயர் கொடுப்பதும், மாலையில் நிறுவையைக் கேட்டுத் திரும்புவதுமே அவர்தம் நாள்முறை. எழுத்தறிவு கணக்கப்பிள்ளையின் உடைமையாக இருந்தது. எனவே, அவர்களுடைய வளர்ச்சி பதவி உயர்வு என்னும் வழியில் வரவில்லை. வேறு வழியில் வந்தது.

அவ்வழியைத் திறந்தோருள் கோ. நடேசய்யர் முதன்மையானவர். அந்நியர் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் துணி விற்பவர்போற் சென்று தொழிலாளரைச் சந்தித்தார் என்பர். 1931 ஆம் ஆண்டில் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் பாடல்களை இயற்றிக் கூட்டங்களிலே பாடினார். 1939 இல் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கமும் தோட்டங்களிலே வேரூன்றத் தொடங்கியது.

சங்கம் பெற்றுத்தந்த கூலி உயர்வை வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். அது ஆக்கித்தந்த மனிதரைக் கணக்கிடுவோர் குறைவு. துரையின் முன்னே தலைப்பாகையை அவிழ்த்து நின்றவன், தோட்டத் தலைவனாகி அதே துரையுடன் வழக்குப் பேசக் கற்றான். சந்தாப் பணத்தைச் சேர்த்துக் கணக்குக் காட்டவும், மனு எழுதுவிக்கவும், எதிர்க்கருத்தைப் பொறுமையுடன் கேட்கவும் பழகினான். மாதர் தலைவியாகத் தெரிவான பெண், கூட்டத்திலே எழுந்து பேசினாள். கங்காணியின் உறவு கடனிலே கட்டியது. சங்கத்தின் உறவோ பொறுப்பிலே பழக்கியது. இரண்டுக்குமுள்ள வேறுபாடு இதுவே. 1984 ஆம் ஆண்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி கிட்டியது, இத்தகைய கூட்டுறவின் பயன்களுள் ஒன்றாகும்.

ஆயினும், தொழிலிடத்து உறவு அரசியற் புயலைத் தனித்து நின்று தாங்கவல்லதன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. இதனால் ஒரே லயத்தில் ஒரு காம்பரா வெறுமையாக, அடுத்த காம்பராவில் அடுப்பெரிந்தது. நாற்பதாண்டு அருகருகே நின்று கொழுந்து பறித்தோர் புகைவண்டி நிலையத்திலே பிரிந்தனர். 1981 ஆகஸ்டில் வன்முறை இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களைத் தாக்கியபோது, உழைத்தோரின் லயங்களும் உடைமைகளும் எரிந்தன. அயலுறவுகளுக்கு அது கொடுஞ்சோதனையாயிற்று. நம்பிக்கையைக் கட்ட ஒரு தலைமுறை வேண்டும். குலைக்க ஓரிரவு போதும் என்பதை அந்நாட்கள் காட்டின.

1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோராக எஞ்சியோர்க்குக் குடியுரிமை பெற வழிசெய்தது. உரிமையாளர் பலமுறை மாறினர். தொழிலாளி மாறாது கைக்கொண்டது, துன்பக் காலத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் பழக்கமேயாகும். மரணவீட்டுக்குப் பணஞ்சேர்ப்பதும், பிள்ளையின் படிப்புக்குச் சீட்டுப் பிடிப்பதும் இன்றும் அதன் அடையாளங்கள்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? உறவு இருந்தாற் போதாது. அது எவ்வகைப்பட்டது என்பதே வினா. கடனாலும் அச்சத்தாலும் பிணைக்கும் உறவு மனிதனைக் கணக்கிலே ஓர் உருப்படியாக்குகிறது. சமநிலையிலே பேசவும் பொறுப்பேற்கவும் இடந்தரும் உறவே அவனை மனிதனாக வளர்க்கிறது. படித்துப் பட்டம் பெற்று அலுவலகங்களிலும் ஆசிரியப் பணியிலும் அமரவிருக்கும் நாம், நம் கீழ்ப் பணிபுரிவோரிடம் எவ்வகை உறவைப் பேணப்போகின்றோம்? துண்டுச்சீட்டு ஒழிந்துவிட்டது, அதன் மனப்பாங்கு ஒழிந்ததா என்பதற்கு நம் நடத்தையே விடை கூறல் வேண்டும்.