கடலூர் போரும் கான்ஃபிகரேஷன் கேஷும்

கி.பி. 1783, ஜூன் 20. கடலூர் கடலில் பிரெஞ்சு தளபதி சஃப்ரன் 15 போர்க்கப்பல்களுடன், 18 கப்பல்கள் வைத்திருந்த ஆங்கிலேய தளபதி ஹியூஸோடு மோதினார். ஒரு வாரம் முன்பு, ஜூன் 13 அன்று, கரையிலும் பெரிய சண்டை. கடலூர் அப்போது பிரெஞ்சுக்காரர் புஸ்ஸியின் கையில் இருந்தது. அதை மீட்க ஜெனரல் ஸ்டூவர்ட் தாக்கினார். அந்த ஒரே நாளில் ஆங்கிலேயர் தரப்பில் மட்டும் சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், இங்கிலாந்தும் பிரான்சும் அதே ஆண்டு ஜனவரி 20-ம் தேதியே வெர்சாயில் முதற்கட்ட சமாதான உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டன! சரியாக ஐந்து மாதம் கழித்து கடலூரில் பீரங்கி வெடித்துக் கொண்டிருந்தது. ஜூன் மாதக் கடைசியில் சென்னையிலிருந்து சமாதானக் கொடியோடு ஒரு கப்பல் வந்து செய்தி சொன்ன பிறகுதான் சண்டை நின்றது.

தளபதிகள் யாரும் உத்தரவை மீறவில்லை. கையில் இருந்த உத்தரவுப்படிதான் நடந்தார்கள். அந்த உத்தரவு பழையதாகிப் போனது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இன்று பெரிய நிறுவனங்களின் மென்பொருளில் இதே கதை தினமும் நடக்கிறது. அதன் பெயர் 'ஸ்டேல் கேஷ்', அதாவது காலாவதியான நகல்.

கேஷ் என்றால் என்ன?

காமர்ஸ் மாணவர்களுக்கு கேஷ் என்றால் ரொக்கம். இந்த கேஷ் வேறு. ஒளித்து வைப்பது என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அடிக்கடி தேவைப்படும் தகவலைப் பக்கத்திலேயே நகல் எடுத்து வைத்துக்கொள்வதுதான் விஷயம். மாரிஸ் வில்க்ஸ் 1965-ல் இந்த யோசனையை எழுதினார். 1968-ல் ஐ.பி.எம். தன் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் இதைக் கொண்டு வந்தது.

ஒரு நிறுவனத்தில் பில் போட ஒரு மென்பொருள், சரக்குக் கணக்குக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்று இருக்கும். இவற்றை இணைப்பது இன்டக்ரேஷன் மென்பொருள். எந்தத் தகவல் எங்கே போக வேண்டும், எந்த வடிவத்தில் போக வேண்டும், எந்த வரி விகிதம் போன்றவைதான் கான்ஃபிகரேஷன். ஒவ்வொரு பில்லுக்கும் தலைமை டேட்டாபேஸைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. அதனால் ஒவ்வொரு சர்வரும் ஒரு நகலைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. எஸ்.ஏ.பி.யின் இன்டக்ரேஷன் மென்பொருளில் இந்த நகலைப் புதுப்பிக்க இரண்டு வழி உண்டு: மாறியதை மட்டும் வாங்குவது, அல்லது முழுவதையும் மறுபடி வாங்குவது.

நஷ்டம் யாருக்கு?

2025 செப்டம்பர் 22 அன்று ஷாம்பு மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஓர் உதாரணத்துக்கு, கடலூரில் தலைமை அலுவலகம், சிதம்பரத்தில் கிளை உள்ள ஒரு மொத்த வியாபாரி என்று வைத்துக்கொள்வோம். கடலூரில் நள்ளிரவே விகிதத்தை மாற்றியாயிற்று. சிதம்பரம் சர்வரில் பழைய நகல். காலையில் 1,000 ரூபாய் சரக்குக்கு 50 ரூபாய் வரிக்குப் பதில் 180 ரூபாய் விழும். கூட்டல் சரியாக இருக்கும், டிரையல் பேலன்ஸும் டேலி ஆகும். எந்த எச்சரிக்கையும் வராது! வாங்குபவருக்கு 130 ரூபாய் நஷ்டம். பிறகு கடைக்காரர் கிரெடிட் நோட் போட்டு அலைய வேண்டும்.

தீர்வு 1783-லேயே இருந்தது

செய்தி தாமதமாகும் என்பது வெர்சாயில் உட்கார்ந்தவர்களுக்கும் தெரியும். அதனால் பிடிபடும் கப்பல்களுக்கு ஒரு விதி வைத்தார்கள். உடன்பாடு உறுதி செய்யப்பட்ட நாளிலிருந்து ஆங்கிலக் கால்வாய், வடகடல் பகுதிக்கு 12 நாள், கேனரி தீவுகள் வரை ஒரு மாதம், அங்கிருந்து பூமத்திய ரேகை வரை இரண்டு மாதம், உலகின் மற்ற இடங்களுக்கு ஐந்து மாதம். அந்தக் கெடுவுக்குப் பிறகு பிடித்த கப்பலைத் திருப்பித் தர வேண்டும்.

ஏறக்குறைய 200 வருடம் கழித்து, 1983-ல், பால் மொக்கபெட்ரிஸ் இணையப் பெயர்களுக்கான டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். அதிலும் ஒவ்வொரு நகலுக்கும் ஓர் ஆயுள் உண்டு. டி.டி.எல். என்பார்கள். ஆயுள் முடிந்தால் நகலைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கேட்க வேண்டும். ஆயுள் நீளமாக இருந்தால் வேகம் கிடைக்கும், ஆனால் பழைய தகவல் நீடிக்கும். குறைத்தால் தகவல் புதிதாக இருக்கும், ஆனால் சர்வருக்குச் சுமை. எது வேண்டும் என்பதைத் தவறினால் என்ன நஷ்டம் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் அந்த 1783 விதியில் ஒரு குறை இருந்தது. கெடு முடிந்தபின் கப்பலைத் திருப்பித் தரலாம். கடலூரில் செத்த சிப்பாயை யார் திருப்பித் தருவது? அதனால்தான் முக்கியமான மாற்றங்களுக்கு ஆயுள் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. மாற்றிய உடனே எல்லா நகல்களுக்கும் செய்தி அனுப்பி, 'வந்து சேர்ந்தது' என்று ஒவ்வொன்றிடமும் பதில் வாங்குவார்கள். உத்தரவை மாற்றுவது பாதி வேலை. கடைக்கோடியில் இருப்பவனுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் மீதிப் பாதி.