முத்துச் சலாபமும் சேகரிப்பு விதிகளும்: மன்னார்க் கரை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என நீண்டு செல்லும் கரை, வறண்ட நிலமும் அருகிய குடியிருப்புகளும் கொண்டதோர் பிரதேசமாகும். ஆயினும் கடந்த பல நூற்றாண்டுகளில், மாசி பங்குனி மாதங்களில் கடல் அமைதியுறும் சில வாரங்களுக்கு மட்டும், இக்கரையில் ஒரு பெருநகரம் தோன்றி மறைந்து வந்தது. சலாபம் அல்லது சிலாபம் என்னும் சொல் முத்துக்குளிப்பைக் குறிப்பது. சிலாபத்துறை என்ற பெயரே இவ்வரலாற்றின் சுருக்கம் எனலாம். கீழக்கரை முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரதவர், யாழ்ப்பாணத்து வணிகர், நாட்டுக்கோட்டைச் செட்டிமார், அராபியச் சுழியோடிகள் ஆகியோர் கூடிய அக்கூட்டத்தைப் பற்றி ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியவை பல. அவ்வியப்பு இங்கு நமக்குப் பொருளன்று. கடலிலிருந்து உயிர்ப்பொருளைச் சேகரிப்பதற்கான விதிகளை யார் வகுத்தனர், அவை எதனைக் காத்தன, யாருடைய அறிவு அவற்றில் இடம்பெறாது போயிற்று என்பனவே இக்கட்டுரை எழுப்பும் வினாக்கள்.

1. பங்கு என்னும் விதி

சேகரிப்பு விதிகளுள் மிகப் பழையது பங்கு பற்றியதாகும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றிக் கூறும் மார்க்கோ போலோ, வணிகர் தாம் பெற்றதில் பத்தில் ஒரு பங்கினை அரசனுக்கும், கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கினையும் அளித்தனர் என்கிறார். 1344இல் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் கண்டபோது முத்துக்கள் தரம்பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்ததைக் குறிப்பிடுகிறார். யாழ்ப்பாண அரசின் பொருளாதாரத்தில் இக்கடல் வகித்த இடத்தினை இச்சான்று உணர்த்தும்.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன், 1544இல், கிறிஸ்தவம் தழுவிய மன்னார் மக்கள் யாழ்ப்பாண அரசனாற் கொல்லப்பட்ட நிகழ்ச்சியைச் சமயக் காரணத்தால் மட்டும் விளக்குவது போதாது. மதம் மாறிய குடிகள் போர்த்துக்கேய மன்னனின் காப்புக்குரியவராகக் கருதப்பட்டமையால், குடிகள் கைமாறின் கடலும் கைமாறும் என்ற அச்சம் அரசியல் நோக்கில் இயல்பானதே. 1658இல் மன்னார் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர் காலத்தில் வரிக்கு அலகாக அமைந்தது ‘கல்’ ஆகும். சுழியோடி காலிற் பிணைத்து ஆழத்துக்கு இறங்கும் பாரக்கல் ஒவ்வொன்றுக்கும் வரி விதிக்கப்பட்டது. அவ்வரியும் சமமானதாக இருக்கவில்லை. சுழியோடியின் சமயத்தைப் பொறுத்து அது வேறுபட்டது. மதுரை நாயக்கர், சேதுபதி, பரதவரின் சாதித்தலைவன் முதலியோர் வரியில்லாக் கற்களைப் பெற்றிருந்தனர். கடலடியில் ஒரே மூச்சை அடக்கி உழைத்த இருவர், கரையில் இரு வேறு வரிகளைச் செலுத்தினர் என்பது விதியின் சமூகத் தன்மையைத் தெளிவாக்குகிறது.

1796இல் கரையோரம் பிரித்தானியர் வசமானபின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பு முழுமையாகக் குத்தகைக்கு விடப்பட்டது. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், இதன் மேற்பார்வைக்கென அரிப்பில் ஒரு மாளிகையே எழுப்பினார். கிரேக்கத் தூண்களோடு அமைந்த அக்கட்டடத்தை மக்கள் அல்லிராணிக் கோட்டை என வழங்கலாயினர். அந்நிய அதிகாரத்தின் சின்னமொன்றைத் தம் கதைமரபுக்குள் இழுத்துக்கொண்ட இச்செயல் தனியே ஆராயத்தக்கது. பின்னர் அரசு குளிப்பினை நேரடியாக நடத்தி, சேகரித்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கினைத் தானே எடுத்துக்கொண்டது. எஞ்சிய ஒரு பங்கே சுழியோடி, கயிறு பிடிப்போர், படகுக்குரிய சம்மாட்டி ஆகியோரிடையே பகிரப்பட்டது.

மார்க்கோ போலோ கூறும் பத்தில் ஒன்றினையும் பிரித்தானியரின் மூன்றில் இரண்டினையும் நேராக ஒப்பிடுவது முற்றிலும் பொருந்தாது. முன்னதில் வணிகரே படகுக்கும் ஆளுக்கும் முதலீடு செய்தனர். சுழியோடி கூலி பெற்றவனே. பின்னதில் பங்கு நேரடியாகப் படகிற் சென்றோரைச் சேர்ந்தது. எனவே பழைய ஆட்சியைப் பொற்காலமாகக் காட்டுவதற்கு இச்சான்று இடந்தராது. ஆனால் அரசு, வரி பெறும் நிலையிலிருந்து கடலின் உடைமையாளன் என்னும் நிலைக்கு உயர்ந்தமையை இவ்வெண்கள் மறுக்கவொண்ணாதவாறு காட்டுகின்றன.

2. பாரும் கொட்டும்

சிப்பி படிந்து வாழும் கடலடித் திட்டினைப் ‘பார்’ என்பர். பெரியபார், சேவல்பார், மோதரகம்பார், வங்காலைப்பார் முதலியன இக்கடலின் புகழ்பெற்ற பார்கள். இப்பெயர்கள் யாவும் கடலோடிகள் இட்டவை. அரச படங்கள் அவற்றை எடுத்தாண்டன. பார்களின் கண்காணிப்பாளர் ஒருவர் முன்கூட்டியே சிப்பிகளை எடுத்துச் சோதித்து, அவற்றின் வயதையும் முத்தின் மதிப்பையும் கணித்தபின்னரே குளிப்பு அறிவிக்கப்படும். இளஞ்சிப்பி செறிந்த பார் தவிர்க்கப்படும். குளிக்கவேண்டிய எல்லை மிதவைகளாற் குறிக்கப்படும். பதிவு பெற்று இலக்கமிடப்பட்ட படகுகள் நள்ளிரவில் கரைக்காற்றோடு புறப்படும். காலையில் வெடியொலி கேட்டபின்னரே முதற் சுழியோடி இறங்கலாம். நண்பகலில் மீண்டும் வெடி கேட்டதும் தொழில் நின்றுவிடும். பின்னர்க் கடற்காற்றோடு படகுகள் கரைதிரும்பும்.

கரை சேர்ந்த சிப்பி ‘கொட்டு’ எனப்பட்ட வேலியடைப்புக்குட் கொண்டுசெல்லப்பட்டு மூன்று குவியல்களாக்கப்பட்டது. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விலைபோயிற்று. வாங்கியோர் சிப்பியை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுத்தனர். துளைகள் வேறுபட்ட பெட்டிகளில் அரித்து, ஆணி, அணதாரி, வடிவு, தூள் எனத் தரம்பிரித்தனர். படகில் வரும்போதே சிப்பியைத் திறந்து முத்தைக் களவாடுவதைத் தடுப்பதற்கே விதிகளிற் பல இயற்றப்பட்டன என்பது நோக்கற்பாலது. 1906இல் மரிச்சுக்கட்டிக் கொட்டிற் பணியாற்றிய இளம் சிவில் சேவையாளர் லெனாட் வுல்ஃப், பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் அவ்வனுபவத்தை விரிவாகப் பதிவுசெய்துள்ளார்.

இவ்வொழுங்கினுள் அரசால் விலக்கவியலாத ஓர் உள்ளூர் நிறுவனமும் இருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவோராகக் கருதப்பட்ட ‘கடற்கட்டி’ இன்றிச் சுழியோடிகள் கடலில் இறங்க மறுத்தனர். ஆகவே மந்திரத்தில் நம்பிக்கையற்ற பிரித்தானிய அரசு, 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கடற்கட்டிக்கு ஊதியமளித்து வந்தது. இதனை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்குதல் எளிது. ஆனால் உழைப்போர் தம் பாதுகாப்புக்கு விதித்த ஒரே நிபந்தனை இதுவாகும் என்பதையும், மார்க்கோ போலோ காலத்திலிருந்து வந்த அந்நிபந்தனையை அரசு ஏற்க நேர்ந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

கூட்டத்தின் மறுபக்கத்தையும் குறிப்பிடவேண்டும். பல்லாயிரவர் சிலவாரம் தங்கிய அவ்விடத்தில் நன்னீர் அரிது. அழுகும் சிப்பியின் நாற்றம் பெரிது. வாந்திபேதி பரவிக் குளிப்பினை இடையில் நிறுத்த நேர்ந்த ஆண்டுகளும் உண்டு. முத்தின் விலையிற் சேராத செலவு அது.

3. விஞ்ஞானமும் குத்தகையும்

விதிகள் இருந்தும் பார்கள் அடிக்கடி வெறுமையாயின. 1837க்குப் பின் 1855 வரையும், 1891க்குப் பின் 1903 வரையும் குளிப்பு நிகழவில்லை. இதன் காரணத்தைக் கண்டறிய 1850களின் இறுதியில் கலாநிதி கெலாட் நியமிக்கப்பட்டார். 1902இல் லிவர்ப்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார். அவருக்குத் துணையாக ஜேம்ஸ் ஹோர்னெல் பணிபுரிந்தார். அவர்தம் ஆய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. முத்து, சிப்பியினுட் புகும் நாடாப்புழுவின் இளநிலையைச் சுற்றியே உருவாகிறது என்பது அவர்தம் கொள்கை. அப்புழு சிப்பியைத் தின்னும் கிளாத்தி மீனினுள்ளும், பின் அம்மீனைத் தின்னும் திருக்கையினுள்ளும் சென்று வளர்கிறது என அவர்கள் கருதினர். சிப்பிக்குப் பகையான மீன் முத்துக்குத் துணையாகிறது என்னும் இம்முடிவு, மீனை ஒழித்தாற் சிப்பி பெருகும் என்ற எளிய எண்ணத்தை ஐயத்துக்குள்ளாக்கியது. 1912இல் லிஸ்டர் ஜேம்சன் இப்புழுக் கொள்கையை வலுவாக மறுத்தார். அது பின்னர் நிலைபெறவில்லை. எனினும் ஓர் உயிரைச் சூழலினின்று பிரித்து நோக்கலாகாது என்ற பாடம் அதில் எஞ்சியது.

விஞ்ஞானத்துக்கு அரசு காத்திருக்கவில்லை. 1905ஆம் ஆண்டுக் குளிப்பு வரலாற்றிலேயே மிகப் பெரியது. 300க்கு மேற்பட்ட படகுகளும் ஏறத்தாழ 5,000 சுழியோடிகளும் 8 கோடி அளவிலான சிப்பிகளைக் கரைசேர்த்தனர். அரசின் வருவாய் 25 இலட்சம் ரூபாவைத் தாண்டிற்று. அடுத்த ஆண்டே பார்கள் யாவும் ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் 20 ஆண்டுகளுக்கு ஓர் இலண்டன் கம்பனிக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி அற்றது, கம்பனியும் கலைந்தது. இதன் காரணத்தை மிகைச்சேகரிப்பில் மட்டும் காண்பது விஞ்ஞானபூர்வமாகாது. நீரோட்டம் இளஞ்சிப்பியைப் பாருக்குக் கொணரும் ஆண்டும் உண்டு, கொணராத ஆண்டும் உண்டு. ஆனால் இயற்கையே நிலையற்றதாக இருக்கையில், ஆண்டுதோறும் இலாபத்தை எதிர்பார்க்கும் மூலதனத்திடம் கடலை ஒப்படைத்தமை அரசின் தேர்வே. 1925இல் ஒரு குளிப்பு நிகழ்ந்தது. அதற்குள் சப்பானிய வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்துவிட்டது. முத்துக்குளிப்புக் கட்டளைச் சட்டம் 1925ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டமை ஒரு வரலாற்று முரண். விதி முழுமை பெற்றபோது தொழில் முடிவுற்றது.

4. அட்டவணையின் காலம்

முத்து மறைந்தபின் அதே கடலில் சங்கும் கடலட்டையும் முக்கியத்துவம் பெற்றன. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம், முத்துக்குளிப்புச் சட்டத்தையும் சங்குச் சட்டத்தையும் நீக்கி, யாவற்றையும் ஒரே அனுமதிப்பத்திர முறையின்கீழ்க் கொணர்ந்தது. வெடியும் நஞ்சும் தடைசெய்யப்பட்டன. 70 மில்லிமீற்றர் விட்டத்துக்குக் குறைந்த சங்கு விலக்கப்பட்டது. கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் அலங்கார மீன்களின் ஏற்றுமதி பெருகியபோது, 1998ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் எந்த உயிரினத்தை ஏற்றுமதி செய்யலாகாது, எதனை அனுமதியுடன் செய்யலாம் என அட்டவணையிட்டன. அரசின் பங்கினைக் காத்த விதி உயிரினத்தைக் காக்கும் விதியாக மாறியமை மறுக்கமுடியாத முன்னேற்றமாகும்.

ஆனால் மன்னாரில் இம்மாற்றம் நிகழ்ந்த காலம் போரின் காலம். கடல் பல ஆண்டுகள் தடைசெய்யப்பட்டிருந்தது. 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டியும் முசலிப் பகுதியும் தம் கடலோடிகளை இழந்தன. ஒரு பாரை அறிந்த முதியவர் அகதிமுகாமில் இறப்பின், அவருடன் அப்பாரின் அறிவும் மறைகிறது. 2009க்குப் பின் மீண்டோர் தம் கடலில் வெளியூர்ச் சுழியோடிகளின் காற்றுக்கலங்களையும், எல்லை கடந்துவரும் இந்திய இழுவைப் படகுகளையும் கண்டனர். 1976இல் மன்னார் வளைகுடாவுக்கு எல்லை வகுக்கப்பட்டது. கடலட்டையைத் தொடுதலே 2001 முதல் இந்தியாவிற் குற்றம். இலங்கையில் அது அனுமதிப்பத்திரத்துக்குரிய தொழில். 2017இல் அடிமட்ட இழுவையை இலங்கை சட்டத்தால் தடைசெய்தது. கடலடி ஒன்றே; அட்டைக்கு அவ்வெல்லை தெரியாது.

5. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. பங்கு, கல், கொட்டு, அட்டவணை என விதியின் வடிவம் மாறியபோதும், விதி வகுப்போரும் கடலில் இறங்குவோரும் வேறு வேறானவராகவே இருந்து வந்துள்ளனர். சலாபத்துக்குக் கூடிய பல்லாயிரவர் ஏலத்துக்கும் உழைப்புக்கும் கூடினரேயன்றி, கலந்து முடிவெடுக்கக் கூட்டப்படவில்லை. அவர்கள் தம் குரலை உணர்த்திய ஒரே இடம் கடற்கட்டியின் இருக்கைதான்.

1996ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த பகுதிகளைக் கடற்றொழில் முகாமைத்துவப் பிரதேசங்களாக அறிவித்து, பதிவுபெற்ற மீனவரைக் கொண்ட குழுக்களை அமைப்பதற்கு வழிசெய்கிறது. இந்த ஏற்பாடு சட்டநூலோடு நின்றுவிடலாகாது. பேசாலையின் கத்தோலிக்கரும், எருக்கலம்பிட்டியின் முஸ்லிம்களும், சிலாவத்துறையிலும் வங்காலையிலும் தொழில்புரிவோரும் ஒரே அவையில் அமர்ந்து, எந்தப் பாரை எந்த ஆண்டில் விடுவது, எச்சங்கை எடுப்பது என்று தீர்மானிக்கும்போதே இக்கரையின் நீண்ட வரலாற்றில் விதி முதன்முறையாகக் கடலோடியின் விதியாகும். அவ்வவைக்கு வேண்டிய அறிவைச் சேகரித்தல் ஆய்வாளர் கடன். பார்களின் பெயர்களையும், நீரோட்டம் பற்றிய வழக்குகளையும், மீனினங்களுக்கு ஊர்தோறும் வழங்கும் பெயர்களையும் முதியோர் வாய்மொழியிலிருந்து பதிவுசெய்யும் பணி இனியும் தாழ்த்தத்தக்கதன்று. அரிப்பின் கடலரிப்பில் அல்லிராணிக் கோட்டை சிறிது சிறிதாகச் சரிந்து வருகின்றது. அதனைப் படம்பிடிக்கப் பலர் செல்கின்றனர். அதற்கெதிரே பரந்த கடலை அறிந்தோரின் வீட்டு வாயிலுக்குச் செல்வோர் மிகச் சிலரே.