கந்தகம் கொடுத்ததா, வாங்கியதா? செஞ்சி வெடிமருந்தும் எலக்ட்ரான் கணக்கும்

செஞ்சிக் கோட்டையின் வெடிமருந்தைப் பற்றி எழுதுவோர் இரண்டு கூற்றுகளைச் சேர்த்தே சொல்லிவருகின்றனர். ஒன்று: வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) ஆக்சிஜன் தர, கரியும் கந்தகமும் எரிகின்றன. மற்றொன்று, பாடநூல் தரும் சுருக்கச் சமன்பாடு: இரண்டு பொட்டாசியம் நைட்ரேட், ஒரு கந்தகம், மூன்று கார்பன் வினைப்பட்டு ஒரு பொட்டாசியம் சல்பைடு, ஒரு நைட்ரஜன் மூலக்கூறு, மூன்று கார்பன் டைஆக்சைடு ஆகின்றன. இவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒவ்வாதவை என்பதே என் வாதம்.

அரைவினைகளாகப் பிரித்தால் முரண் தெரிந்துவிடும். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் +5இலிருந்து சுழிக்கு இறங்க 10 எலக்ட்ரான்களை ஏற்கின்றன. மூன்று கார்பன் அணுக்கள் இழப்பதோ 12. எஞ்சிய இரண்டையும் வாங்குவது, சல்பைடாக மாறும் கந்தகம். அப்படியானால் இங்கே அது எரிபொருள் அன்று, ஆக்சிஜனேற்றி.

இன்னொரு சமன்பாட்டில் 10 நைட்ரேட், 3 கந்தகம், 8 கார்பன் சேர்ந்து 2 கார்பனேட், 3 சல்பேட், 6 கார்பன் டைஆக்சைடு, 5 நைட்ரஜன் மூலக்கூறு தருகின்றன. நைட்ரஜன் ஏற்பது 50. கார்பன் தருவது 32, கந்தகம் தருவது 18. கணக்கு இங்கும் நேர்தான், ஆனால் கந்தகம் கொடுக்கும் பக்கம் போய்விட்டது. எனவே எலக்ட்ரான் சமநிலை ஒரு சமன்பாட்டுக்கு இன்றியமையாதது. அது நடந்த வினை என்பதற்கு அதுவே சான்றாகாது. சான்றை எரிந்தபின் எஞ்சுவதில் தேட வேண்டும்.

ஆய்வாளர்கள் நோபிளும் ஏபெலும் மூடிய கலத்தில் வெடிமருந்தை எரித்து 1875இல் வெளியிட்ட ஆய்வில், திண்ம எச்சத்தில் கார்பனேட்டே மேலோங்கியது. சல்பேட்டும் சல்பைடும் உடனிருந்தன. 1882இல் வேதியியலர் டெபஸ் இம்முடிவுகளைத் தொகுத்து 16 நைட்ரேட், 21 கார்பன், 5 கந்தகம் கொண்ட சமன்பாட்டை முன்வைத்தார். விளைபொருள்கள்: 5 கார்பனேட், 1 சல்பேட், 2 டைசல்பைடு, 13 கார்பன் டைஆக்சைடு, 3 கார்பன் மோனாக்சைடு, 8 நைட்ரஜன் மூலக்கூறு. கணக்கிடுவோம். நைட்ரஜன் ஏற்பது 80. டைசல்பைடில் −1 நிலையிலுள்ள நான்கு கந்தக அணுக்கள் ஏற்பது 4. கார்பன் இழப்பது 78. சல்பேட்டாகும் ஒரே கந்தக அணு இழப்பது 6. இருபுறமும் 84. ஒரே வினையில் கந்தகம் கொடுக்கவும் வாங்கவும் செய்கிறது.

இந்த எச்சத்தை மேல்நிலை வகுப்பின் உப்புப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தினால் மூன்றும் அடையாளம் காட்டும்: நீர்த்த அமிலம் பட்டதும் கார்பனேட்டின் நுரைப்பு, சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம், வடிகட்டிய அமிலக் கரைசலில் பேரியம் குளோரைடு விட்டால் சல்பேட்டின் வெண்ணிற வீழ்படிவு.

திண்மப் பொடிக்கு அரைவினை பொருந்தாது என்பர். ஆனால் ஆக்சிஜனேற்ற எண் என்பது கணக்கிடும் முறை மட்டுமே. கரைசல் அதற்குத் தேவையில்லை. கந்தகம் தீப்பற்றலை எளிதாக்கவே சேர்க்கப்படுகிறது என்பது வினைவேகம் பற்றியது, வேறு கேள்வி.

1698இல் முகலாயரும் 1750இல் பிரெஞ்சுக்காரரும் கைப்பற்றிய கோட்டையில் இடித்த மருந்தெல்லாம் ஒரே விகிதத்தில் இருந்திருக்கும் எனக் கொள்வதற்கில்லை. டெபஸ் சமன்பாட்டையும் அதன்மேல் அப்படியே ஏற்ற நான் துணியேன். ஆயினும் கந்தகத்தை வெறும் எரிபொருள் என்பது இனிச் செல்லாது. செஞ்சியை அடுத்த தொண்டூரில் படிக்கும் மாணவருக்குச் சுருக்கச் சமன்பாட்டைத் தரும் ஆசிரியர், எச்சத்தில் சல்பேட் எப்படி வந்தது என்ற கேள்வியையும் சேர்த்தே தர வேண்டும்.