முப்பது பவுண் குரல்

மேல்நாட்டு றொக் இசை என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் நான் துணிந்து சிபாரிசு செய்யக்கூடிய விவரணப் படம் ஒன்று இருக்கிறது. பிங்க் புளோய்ட் என்ற ஆங்கிலேய இசைக்குழு 1973 மார்ச்சில் வெளியிட்ட ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ என்னும் இசைத்தட்டு உருவான வரலாற்றை அது சொல்கிறது. ‘கிளாசிக் அல்பம்ஸ்’ என்ற தொடரில் 2003 இல் வெளிவந்தது.

அந்த இசைத்தட்டின் புகழை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 1973 க்கும் 1988 க்கும் இடையில் மொத்தம் 741 வாரங்கள் அது இடம்பெற்றிருந்தது.

படத்தின் உத்தி மிக எளிது. இலண்டன் அபே ரோட் கலையகத்தில் 16 தடங்களில் பதிவான ஒலிகளை, அன்று ஒலிப்பதிவாளராக இருந்த அலன் பார்சன்ஸ் மீண்டும் ஓடவிடுகிறார். ஒரு தடத்தை உயர்த்துகிறார், மற்றவற்றைத் தாழ்த்துகிறார். பழகிய பாட்டு ஒன்று இழை இழையாகப் பிரிந்து நம்முன் நிற்கிறது. குழுவினர் நால்வரும் தனித்தனியாகவே பேசுகிறார்கள். ரொஜர் வோட்டர்ஸ் 1985 இல் மனக்கசப்போடு பிரிந்து சென்றவர் என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

பணத்தைப் பற்றிய பாடல் ஒன்று அதில் உண்டு. நாணயம் விழும் ஓசை, கடதாசி கிழியும் ஓசை, கடைக் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசை எனச் சில ஒலிகள் சேர்ந்து ஏழு தட்டுக்களாக அப்பாட்டின் தாளத்தைத் தொடக்கிவைக்கின்றன. மனைவி மட்பாண்ட வேலைக்கு வைத்திருந்த கிண்ணத்திலே வோட்டர்ஸ் நாணயங்களை எறிந்து பதிவு செய்தாராம். பின்னர் ஒலிநாடாவை அடிமட்டத்தால் அளந்து, வெட்டி, ஒட்டி, வளையமாக்கிச் சுழலவிட்டிருக்கிறார்கள். சிரட்டையால் குதிரைக் குளம்பொலி எழுப்பிய நம் வானொலி நாடகக்காரர் கண்டால் தம் இனம் என்று கட்டித் தழுவியிருப்பார்.

ஆனால் என்னை அதிகம் ஈர்த்தவை பாட்டுக்களுக்கு இடையே வரும் பேச்சுக் குரல்கள். வோட்டர்ஸ் சில கேள்விகளை அட்டைகளில் எழுதி, கலையகத்தில் அகப்பட்டவர்களிடமெல்லாம் நீட்டினார். சாவுக்கு அஞ்சுகிறீரா, கடைசியாக எப்போது கைகலந்தீர், நியாயம் உம் பக்கமா என்பன போன்ற கேள்விகள். பக்கத்து அறையில் வேலையாயிருந்த போல் மக்கார்ட்னியும் பதில் சொன்னார். உலகப் புகழ் பெற்ற அவரது பதில் சேர்க்கப்படவில்லை. அவர் எச்சரிக்கையோடு பேசிவிட்டார். வாயிற்காவலர் ஜெரி ஓ'டிரிஸ்கொல் ஒளிவுமறைவின்றிப் பேசினார். அவருடைய குரலோடுதான் இசைத்தட்டே முடிகிறது.

இனிக் கிளேயர் டொரியின் கதைக்கு வருகிறேன். பியானோ, ஓர்கன் கலைஞர் ரிச்சர்ட் ரைட் மரணத்தை நினைந்து அமைத்த ஓர் இசை இருந்தது. 1972 மேடைகளில் அதன்மீது விவிலிய வாசகங்களை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. 1973 சனவரியில் ஒரு ஞாயிறு, கூலிக்குப் பாடும் 25 வயதுப் பெண்ணான டொரி அழைக்கப்பட்டார். சொற்கள் இல்லை, மெட்டும் இல்லை, மரணம் பற்றியது என்பதைத் தவிர விளக்கமும் அதிகமில்லை. தொடக்கத்தில் அவர் ஏதோ சொற்களைப் போட்டுப் பாட, வேண்டாம் என்றார்கள். தன்னையே ஒரு வாத்தியமாக எண்ணிக்கொண்டு குரலை விட்டார். இரண்டு முழுப் பதிவும் ஒரு அரைப் பதிவும், அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டிப்புக் கூலி, 30 பவுண். இது வெளிவரப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டே வெளியேறியவர், பின்பு கடையில் இசைத்தட்டைப் பார்த்தபோதுதான் தன் பெயரைக் கண்டார். பாடியவர் என்று இருந்தது. இசையமைத்தவர் ரைட் மட்டுமே.

நம் இராக ஆலாபனையைக் கேட்டு வளர்ந்த செவிக்கு இதன் அநீதி உடனே விளங்கும். இராகம் பழையதாயிருக்கலாம், சுருதியைப் பிறர் சேர்த்திருக்கலாம், ஆலாபனை பாடியவருடையது. ரைட்டின் சுரக்கட்டு இல்லாமல் அந்தக் குரல் எழுந்திராது என்பதும் உண்மைதான். எனினும் மக்கள் நெஞ்சில் நிற்பது எது?

படம் கலையகத்தோடு நின்றுவிடுகிறது. அது வெளிவந்த மறு ஆண்டு, 2004 இல், டொரி இலண்டன் உயர் நீதிமன்றத்தை நாடினார். தான் பாடியது மட்டுமல்ல, அந்த மெட்டை ஆக்கியதும் தானே என்பது அவரது வாதம். முப்பத்தோராண்டு கடந்த வழக்கு. 2005 இல் இரு தரப்பினரும் நீதிமன்றத்துக்கு வெளியே இணங்கிக்கொண்டார்கள். எவ்வளவு பணம் கைமாறியது என்பது வெளியிடப்படவில்லை. அதன் பின்னர் வந்த பதிப்புக்களில் அந்த இசைக்கு நேரே ரைட், டொரி என இரண்டு பெயர்கள் அச்சாகியிருக்கின்றன.