வீட்டுப் படமும் வெட்டும் கருவியும்

மூணாற்றுக்கு அருகே, இடுக்கி மாவட்டத்தின் மலைமேல் அமைந்த ஊர் சின்னக்கானல். தேயிலைத் தோட்ட வேலையை நாடித் தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்கள் அம்மலைப் பகுதியில் தலைமுறைகளாக வாழ்கின்றன. 2023 ஏப்ரல் 29 அன்று அங்கே அரிக்கொம்பன் என்னும் காட்டானை மயக்க ஊசியால் பிடிக்கப்பட்ட காட்சியை நாடே கண்டது. ஆனால், அக்குடும்பங்களின் திருமணத்தையும் காதணி விழாவையும் பாட்டியின் பேச்சையும் எந்த நிலையத்தார் காட்டப்போகின்றனர்? அவற்றைத் தொகுத்துக் காக்கவேண்டியவர் வீட்டாரே. அத்தொகுப்புக் கலை எளியோர் கைக்கு வந்த வரலாறு அறியத்தக்கது.

கோடாக் நிறுவனம் 1923-இல் 16 மில்லிமீட்டர் படச்சுருளையும், 1932-இல் 8 மில்லிமீட்டர் சுருளையும் வெளியிட்டது. செலவு குறைந்தது, எனினும் சுருளைக் கத்தரித்துப் பசையால் ஒட்டவேண்டியிருந்தது. வெட்டு பிழைத்தால் மூலமே கெட்டது. பின்னர் வந்த வீடியோ நாடாவை வீட்டார் வெட்டவில்லை. ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதி எடுத்தே தொகுத்தனர். பிரதிதோறும் படம் மங்கியது.

இவ்விரு குறைகளையும் கணினி தீர்த்தது. தொகுப்பு மென்பொருள் மூலப்படத்தைத் தொடுவதில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்னும் குறிப்பை மட்டும் எழுதிக்கொள்கிறது. 1991-இல் அடோபி பிரீமியர் தோன்றியது. 1999-இல் ஆப்பிள் கணினிக்கு ஐமூவியும், 2000-இல் விண்டோசுடன் மூவி மேக்கரும் தனி விலையின்றிக் கிடைத்தன. 2002-இல் தொடங்கிய கேடன்லைவ், எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க கட்டற்ற மென்பொருளாக வளர்ந்தது.

விலை வீழ்ந்ததும் வேறொரு கவலை பிறந்தது. மூவி மேக்கரை வழங்குவதை 2017-இல் மைக்ரோசாப்ட் நிறுத்தியது. 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் விவாவீடியோ என்னும் தொகுப்புச் செயலியும் ஒன்று. பாதியில் நின்ற தொகுப்புக் குறிப்பை அதனை எழுதிய மென்பொருளே பெரும்பாலும் படிக்கவல்லது. மென்பொருள் மறைந்தால் உழைப்பும் மறையும்.

ஆகவே, மலிவானதைத் தேடுவோர் விலையை மட்டும் நோக்குதல் போதாது. முடிந்த படத்தின்மேல் நிறுவனத்தின் முத்திரை விழுமா, தமிழ் எழுத்துச் சிதையாமல் அமையுமா, எக்கருவியிலும் ஓடும் பொது வடிவில் படம் வெளிவருமா என்று, ஒரு நிமிடப் படத்தைத் தொகுத்துச் சோதித்தல் நன்று. மூலப்படத்தை அழியாது இரண்டு இடங்களில் வைத்தலும் வேண்டும். ஊரை விட்டு வாழும் நமக்கு, பாட்டியின் குரல் மறுமுறை பதிவு செய்யக் கிடைப்பதன்று.